பீட்ரூட்ல வர்ற மண்வாசனை: மண்ணோடதா, பீட்ரூட்டோடதா?

கேள்வி, ஜனவரி 4

பீட்ரூட்டை எத்தனை தடவ கழுவினாலும் அந்த மண்வாசனை போகவே மாட்டேங்குது. மண்ணுக்குள்ள வளர்ற வேர்ங்கிறதால மண்ணை உறிஞ்சி உள்ள வெச்சுக்குதா? இல்ல நான் சரியா கழுவலையா?

ஜனவரி 4, ராத்திரி

நீங்க சரியாத்தான் கழுவுறீங்க. மண்ணும் உள்ள போகல. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதே விஷயத்துக்கு நான் சின்ன வயசுல வாங்காத திட்டு இல்ல. பீட்ரூட் கழுவுறது என் வேலை, பிரஷ் வெச்சு தேய் தேய்ன்னு தேய்ச்சுக் குடுப்பேன், அம்மா ஒரு துண்டு வாயில போட்டுட்டு "மண்ணு வாடை அடிக்குதுடா, ஒழுங்கா கழுவுனியா இல்லையா"ன்னு கேப்பாங்க. மறுபடியும் கழுவுவேன், மறுபடியும் அதே கேள்வி.

அந்த வாசனைக்கு ஜியோஸ்மின்னு பேரு. கிரேக்கத்துல பூமிக்கான சொல்லையும் வாசனைக்கான சொல்லையும் சேர்த்து வெச்ச பேர். 1965ல அமெரிக்காவுல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல நான்சி கெர்பர், ஹியூபர்ட் லெஷவாலியேன்னு ரெண்டு பேர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் மாதிரி மண் பாக்டீரியாவை வளர்த்து அதுல இருந்து தனியா பிரிச்சு எடுத்தாங்க. மழை பெஞ்சா மண்வாசனை வருதே, அதே ஜியோஸ்மின்தான். பத்து வருஷம் கழிச்சு, 1970கள் நடுவுல, பீட்ரூட்லயும் அதே பொருள் இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க.

நம்ம மூக்குக்கு இது தெரியறதுக்கு ரொம்ப கொஞ்சம் போதும். ஒரு லிட்டர் தண்ணில 10 மைக்ரோகிராம் இருந்தாலே பிடிச்சுடும்.

ஜனவரி 5, காலைல

மேல தப்பா எழுதிட்டேன். மைக்ரோகிராம் இல்ல, நானோகிராம். ஆயிரம் மடங்கு தப்பு. லிட்டருக்கு 5 முதல் 10 நானோகிராம் இருந்தாலே நிறைய பேருக்குத் தெரிஞ்சிடும். கணக்கு போட்டுப் பாத்தேன்: ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒண்ணுல சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணி, அது முழுசும் நாத்தம் அடிக்க 25 மில்லிகிராம் போதும். விரல் நுனியில ஒட்டுற ஒரு சிட்டிகை உப்பை விடக் கம்மி.

பீட்ரூட்ல இருக்கிறது கிலோவுக்கு மைக்ரோகிராம் கணக்குல, அதாவது மூக்குக்குத் தேவையானதை விட ஆயிரம் மடங்கு பக்கம் அதிகம். அதான் கழுவி மாளல.

ஜனவரி 7

"அப்ப மண் பாக்டீரியா செய்யுற பொருள்னா அது மண்ணுல இருந்துதானே வந்திருக்கணும், நீங்களே உங்களுக்கு எதிரா பேசறீங்களே"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். நியாயமான கேள்வி. ரொம்ப நாள் ஆராய்ச்சி பண்றவங்களே அப்படித்தான் நினைச்சாங்க, பாக்டீரியா மண்ணுல செய்யுது, பீட்ரூட் இழுத்துக்குதுன்னு. 2003ல வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பீட்ரூட் விதையை சுத்தமா கிருமிநீக்கம் பண்ணி, கிருமியே இல்லாத சூழல்ல வளர்த்துப் பாத்தாங்க. அதுலயும் ஜியோஸ்மின் இருந்துச்சு. மண்ணும் இல்ல, மண் பாக்டீரியாவும் இல்ல, வாசனை மட்டும் இருக்கு.

அப்புறம் 2014ல விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்துல இர்வின் கோல்ட்மேன் குழு வேற மாதிரி கேட்டுப் பாத்தாங்க: ஒரே ரகத்தை, கிருமி சாகற மாதிரி அவிச்ச மண்ணுலயும் சாதா மண்ணுலயும் போட்டா என்ன ஆகுது? வாசனை ரகத்தைப் பொறுத்துத்தான் கூடுது குறையுது, மண்ணைப் பொறுத்து இல்ல. சில ரகம் எங்க போட்டாலும் வாடை தூக்கும், சில ரகம் எங்க போட்டாலும் சாது. அதே கோல்ட்மேன் தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்து வாசனை அதிகமான வரிசை ஒண்ணும் கம்மியான வரிசை ஒண்ணும் உருவாக்கினார். வாடை பிடிக்காதவங்க பச்சையாவே கடிச்சுத் திங்கற மாதிரி பேட்ஜர் ஃப்ளேம்னு ஒரு ஆரஞ்சு நிற ரகமும் அவர் செஞ்சதுதான்.

மண்ணுல இருந்து ஒட்டிக்கிட்டதா இருந்தா இப்படி விதை வழியா கூட்டவும் குறைக்கவும் முடியாது. என்னைப் பொறுத்தவரைக்கும் கேள்விக்கு பதில் இங்கயே முடிஞ்சுது. ஆனா எனக்கு மனசு ஆறல, கைல செஞ்சு பாக்கணும்.

ஜனவரி 8

"வேர்"னு எல்லாரும் சொல்றோம், நானும் சொல்றேன். சரியா சொன்னா பீட்ரூட்டோட மேல் பாதி விதையிலைக்குக் கீழ இருக்கிற தண்டு, அதுதான் பருத்துக்குது, கீழதான் நிஜமான ஆணிவேர். வாசனைக்கு இதனால ஒண்ணும் மாறல, சொல்லி வெச்சுக்கறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்னிக்கு ஒரு பீட்ரூட்டை மூணாப் பிரிச்சேன். தோலை மெல்லிசா சீவி ஒரு டம்ளர்ல, இலை முளைக்கிற தலைப்பகுதியை ஒரு டம்ளர்ல, நடுச் சதையை ஒரு டம்ளர்ல. மூணுலயும் கொஞ்சம் வெந்நீர் ஊத்தி தட்டு போட்டு மூடி அஞ்சு நிமிஷம் விட்டேன். தட்டை எடுத்ததும் தோல் இருந்த டம்ளர்ல குப்புன்னு அடிச்சுது, ஈரமான மண் தரையில மூஞ்சியை வெச்ச மாதிரி. தலைப்பகுதி அதுக்குக் கீழ. நடுச் சதையில தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்துச்சு, அங்க இனிப்பு வாசம்தான் முன்னாடி நிக்குது.

புத்தகத்துல எழுதியிருக்கிறதும் இதேதான், தோல்லதான் அதிகம். ஆக வாடை பிடிக்காதவங்க செய்ய வேண்டிய முதல் வேலை கழுவுறது இல்ல, தோலைக் கொஞ்சம் தடிமனா சீவுறது. தலையையும் தாராளமா வெட்டி எடுத்துடுங்க. தோலோட வேகவெச்சு அப்புறம் உரிக்கிறவங்க (நானும்தான் இத்தனை வருஷமா) தோல்ல இருக்கிற வாடையை மொத்தமா அந்தத் தண்ணிக்குக் குடுத்து அதுலயே ஊறவெக்கிறோம்.

ஜனவரி 12

இன்னொண்ணு, இது வாசனை, ருசி இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்து மூணு வாரம் எனக்கு மோப்பமே இல்லாம போச்சு. அப்ப பீட்ரூட் சாப்பிட்டா வெறும் சர்க்கரைத் துண்டு மாதிரி இருந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா வாழ்க்கையில முதல் தடவையா மண்ணே இல்லாத பீட்ரூட் சாப்பிட்டேன். மோப்பம் திரும்பி வந்தப்ப எனக்கு முதல்ல அடையாளம் தெரிஞ்ச வாசனைகள்ல இதுவும் ஒண்ணு, அன்னிலேர்ந்து இது மேல எனக்கு ஒரு பாசம்.

காய்ச்சல் வராமலே செஞ்சு பாக்கலாம். மூக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரு துண்டை மெல்லுங்க, இனிப்பு மட்டும் தெரியும். மெல்லும்போதே மூக்கை விடுங்க, தொண்டைக்குப் பின்னாடி இருந்து மண்வாசனை மேல ஏறி வரும். அந்த ஒரு நொடிக்காகவே செய்யலாம்.

ஜனவரி 15

"அரோமேட்டிக் சேர்மம்"னு ஒருத்தர் எழுதினதுக்கு இன்னொருத்தர் "ஜியோஸ்மின் அரோமேட்டிக்கே இல்ல"ன்னு திருத்தியிருக்கார். ரெண்டு பேரும் வேற வேற பொருள்ல பேசறீங்க. பேச்சு வழக்குல அரோமேட்டிக்னா வாசனை உள்ளது. வேதியியல்ல பென்சீன் மாதிரி தனி வகை வளையம் இருக்கிறதுக்குத்தான் அந்தப் பேர், அதுல வாசனையே இல்லாததும் சேரும். ஜியோஸ்மின்ல ரெண்டு ஆறுமுனை வளையம் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஆனா அது பென்சீன் வகை இல்ல, அது ஒரு ஆல்கஹால். 12 கார்பன், 22 ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன்.

இந்த 12ங்கிற எண்ணுல ஒரு அழகு இருக்கு. செடிகளோட வாசனைச் சேர்மங்கள்ல பெரும்பகுதி டெர்பீன் குடும்பம், அதுங்க அஞ்சஞ்சு கார்பனா அடுக்கிக் கட்டினது, அதனால 10, 15, 20ன்னுதான் வரும். 12 எப்படி வந்துச்சு? பாக்டீரியாவுல நடக்கிறதை பிரவுன் பல்கலைக்கழகத்துல டேவிட் கேன் குழு 2007ல பிரிச்சுக் காட்டினாங்க. 15 கார்பன் உள்ள ஃபார்னெசைல் டைபாஸ்பேட்ல ஆரம்பிக்குது, ஒரே என்சைம், ரெண்டு பாதியா வேலை செய்யுது, முதல் பாதி வளைச்சு வளையம் பண்ணுது, ரெண்டாவது பாதி மூணு கார்பனை அசிட்டோனா கழட்டி விட்டுடுது. 15ல மூணு போனா 12. நகப்பூச்சை அழிக்க வெச்சிருக்கோமே, அதே அசிட்டோன்.

ஜனவரி 16

நேத்து எழுதினதுக்கு ஒரு ஒட்டு. பீட்ரூட்ல ஜியோஸ்மின் மட்டும் இல்ல, மெத்தாக்சிபைரசின்னு ஒரு வகையும் ரொம்பக் கொஞ்சம் இருக்கு, கேரட்லயும் இருக்கு, பச்சைக் காய் வாசனை. அந்த பைரசின் வளையம் வேதியியல்காரங்க சொல்ற பொருள்லயும் அரோமேட்டிக்தான். ஆக முதல்ல எழுதினவர் சொன்னதும் ஒரு வகையில நின்னுடுச்சு. இதுவும் நானோகிராம் கணக்குல மூக்குக்குத் தெரியற சாதி. பச்சை பீட்ரூட்டை சீவும்போது மண்ணுக்கு மேல லேசா பச்சைப் பட்டாணி ஓடு மாதிரி ஒரு வாசம் வந்தா அது இதுதான்.

ஜனவரி 20

எலுமிச்சை பிழிஞ்சா வாடை போயிடும்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. அமிலம் பட்டா ஜியோஸ்மின்ல இருந்து ஒரு தண்ணி மூலக்கூறு கழண்டு ஆர்காஸ்மின்னு ஒண்ணா மாறும், அதுக்கு வாசனை கிடையாது, இது உண்மை. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். எலுமிச்சைக்கே தூக்கலா ஒரு வாசனை இருக்கு, வினிகருக்கும் இருக்கு. வாடை உடைஞ்சு போகுதா, இல்ல மேல போர்வை போத்தி மறைக்குதா? சமையல்கட்டுல ரெண்டும் ஒண்ணுதான், எனக்கு ஒண்ணு இல்ல.

ஜனவரி 25, ஞாயிறு

செஞ்சு பாத்துட்டேன். வாசனையே இல்லாத அமிலம் வேணும், அதுக்கு சிட்ரிக் ஆசிட் தூள். தோலை அரைச்சு வடிகட்டின சாறு, ரெண்டு சின்ன பாட்டில்ல சமமா. ஒண்ணுல அரை ஸ்பூன் சிட்ரிக் ஆசிட், இன்னொண்ணுல ஒண்ணும் இல்ல. ரெண்டையும் இறுக்கி மூடி வெச்சேன், ஏன்னா திறந்து வெச்சா வாடை காத்துல போயிடும், அப்புறம் அமிலம்தான் செஞ்சுதுன்னு சொல்ல முடியாது.

அஞ்சு நிமிஷத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. கண்ணை மூடிக்கிட்டு மாத்தி மாத்தி மோந்தேன், என் தங்கச்சி பாட்டிலை நீட்டினா, எது எதுன்னு என்னால சொல்ல முடியல. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல வெச்சு காலைல பாத்தா அமிலம் போட்டதுல தெளிவா கம்மி. பத்து தடவ நீட்டினா, ஒன்பது தடவ சரியா சொன்னேன். முழுசா போகல, மூடியைத் திறந்த அந்த முதல் நொடியில இன்னும் இருக்கு, ஆனா பின்னாடி தங்க மாட்டேங்குது.

அதனால என் முடிவு: சாப்பிடும்போது மேல பிழியற எலுமிச்சை பெரும்பாலும் போர்வைதான். புளிப்புல ஊறவெச்சு வெச்சீங்கன்னா நிஜமாவே உடையுது. வாடை பிடிக்காதவங்க தோலைச் சீவி, துண்டு போட்டு, புளிப்புல ராத்திரி முழுக்க ஊறவெச்சு அடுத்த நாள் எடுங்க.

அம்மாகிட்ட ஒரு துண்டு குடுத்தேன், எதுவும் சொல்லாம. மென்னுட்டு "இப்பதான் ஒழுங்கா கழுவியிருக்க"ன்னாங்க.

ஜனவரி 27

ஜனவரி 4ல எழுதின இன்னொண்ணையும் திருத்தணும். மழை வாசனையும் ஜியோஸ்மினும் அதேதான்னு சொல்லிட்டேன். பாதி சரி. 1964ல ஆஸ்திரேலியாவுல இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ்னு ரெண்டு பேர் பெட்ரிகோர்னு பேர் வெச்சாங்களே, அது காய்ஞ்ச காலத்துல கல்லும் மண்ணும் இழுத்து வெச்சுக்கிற ஒரு எண்ணெய்ப் பசை, செடிகள்ல இருந்து வர்றது. ஜியோஸ்மின் வேற, பாக்டீரியாவோடது. மழை வாசனையில ரெண்டும் கலந்து வரும். மழைத்துளி மண்ணுல விழும்போது அடியில சின்னக் குமிழி மாட்டி, மேல வந்து வெடிச்சு, பொடிப் பொடித் துளியா வாசனையைக் காத்துல தூவுதுன்னு 2015ல எம்.ஐ.டி.யில வேகக் கேமரா வெச்சுப் படம் பிடிச்சாங்க. சோடாவுல பொங்குமே, அதே மாதிரி.

மண்வாசனைன்னு நமக்கு ஒரே வார்த்தை இருக்கிறதால இந்தப் பிரிவினை தோணவே இல்ல எனக்கு.

பிப்ரவரி 2

இது எல்லாரும் படிக்க வேண்டியது. 2020ல சுவீடன்ல லண்ட் பல்கலைக்கழகக் குழு ஒண்ணு டெங்கு பரப்புற ஏடிஸ் எஜிப்டி கொசு ஜியோஸ்மின் வாசனை இருக்கிற தண்ணியைத் தேடிப் போய் முட்டை போடுதுன்னு காட்டினாங்க. ஜியோஸ்மின் இருந்தா அங்க நுண்ணுயிர் இருக்கு, குஞ்சுகளுக்குத் தீனி இருக்குன்னு கொசுவுக்கு அர்த்தம். ஜியோஸ்மினுக்குப் பதிலா அவங்க வெச்சுப் பாத்தது வேற எதுவும் இல்ல, பீட்ரூட் தோல். அதுக்கும் கொசு வந்துச்சு. கொசுப்பொறிக்கு இதை மலிவா பயன்படுத்தலாம்ங்கிறது அவங்க யோசனை.

நான் ஒரு மாசமா சீவின தோலை எல்லாம் பின்பக்க வாளியில போட்டு வெச்சிருந்தேன், செடிக்கு ஊத்தலாம்னு, அதுல தண்ணி வேற. படிச்ச அன்னிக்கே கவுத்துட்டேன். தோலை தேங்கின தண்ணியில விடாதீங்க, காய்ஞ்ச மண்ணுல புதைச்சிடுங்க.

பழ ஈக்கு நேர் எதிர். அதுக்கு ஜியோஸ்மின்னா பூஞ்சை பிடிச்ச பழம், விஷம். இந்த ஒரே வாசனைக்குன்னு அதுக்கு தனி நரம்பே ஒதுக்கி இருக்குன்னு 2012ல கண்டுபிடிச்சாங்க, அந்த நரம்பு தூண்டினா முட்டை போடாம ஓடிடும். பாக்டீரியாவுக்கு வேற கணக்கு: ஸ்ட்ரெப்டோமைசிஸ் வித்து விடுற நேரத்துல இந்த வாசனையை விடுது, மண்ணுல இருக்கிற ஸ்பிரிங்டெயில்னு சின்னஞ்சிறு பூச்சி அதை மோந்து வந்து தின்னு, வித்தை உடம்புல ஒட்டிக்கிட்டுப் போய் பரப்புது. ஒருத்தன் வாசனையை ஒருத்தன் சாப்பாட்டு மணியா கேக்கறான், இன்னொருத்தன் அபாய மணியா கேக்கறான்.

பிப்ரவரி 3

"எனக்கு அந்த வாடையே தெரியல, எல்லாரும் என்ன பேசறீங்கன்னே புரியல"ன்னு எழுதினவருக்கு: உங்க மூக்குல கோளாறு இல்ல. இந்த வாசனை தெரியற அளவு ஆளுக்கு ஆள் ரொம்பவே மாறும். ஜெர்மனியில ஃப்ரைசிங்ல லைப்னிட்ஸ் நிறுவனத்துல 600க்கும் மேல மனுஷ மோப்ப ஏற்பி (மூக்குல வாசனையைப் பிடிக்கிற புரதம்) வகைகளை வெச்சு சோதிச்சதுல ஜியோஸ்மினுக்கு ஒண்ணே ஒண்ணுதான் பதில் சொல்லுச்சு, ஓஆர்11ஏ1ன்னு பேரு, 2024ல வெளியாச்சு. பாலைவனத்துல வாழற கங்காரு எலிக்கு இதே ஏற்பி நம்மளை விட சுமார் 100 மடங்கு கூர்மை.

எங்க வீட்லயே அப்பாவுக்கு வாடை தெரியவே தெரியாது. அம்மாவும் அவரும் ஒரே தட்டுல இருந்து சாப்பிட்டுட்டு ஒருத்தர் "மண்ணு"ம்பாங்க, ஒருத்தர் "எங்க?"ம்பாங்க, அது எங்க வீட்ல முப்பது வருஷத்து வழக்கு.

பிப்ரவரி 6

மீன் பத்திக் கேட்டவருக்கு, ஆமா, குளத்து மீன்ல வர்ற சேறு வாடைக்கும் பெரும்பாலும் இதே ஜியோஸ்மின்தான் காரணம், தண்ணியில இருக்கிற நீலப்பச்சைப் பாசி செய்யுறது. சுத்தமான ஓடுற தண்ணியில சில நாள் விட்டா மீன் உடம்புல இருந்து வெளியேறிடும். குழாய்த் தண்ணி வாடைக்கு கரி வடிகட்டி உதவும்.

பிப்ரவரி 8

இந்த வீட்டு வழக்கை முடிச்சுடலாம்னு விதை போட்டிருக்கேன். ரெண்டு தொட்டி. ஒண்ணுல தோட்ட மண். இன்னொண்ணுல வெறும் மணல், நல்லா கழுவி, பெரிய பாத்திரத்துல போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சது, அதுக்குக் கொதிச்சு ஆறின தண்ணியில கரைச்ச உரம் மட்டும். ஒரே பாக்கெட் விதை. ஆய்வகத்துல செய்யுற மாதிரி கிருமி இல்லாத நிலைமை இல்ல இது, ரெண்டே நாள்ல காத்துல இருந்தே பாக்டீரியா வந்துடும், தெரியும். 2003ல அவங்க அதை ஒழுங்கா செஞ்சு முடிச்சுட்டாங்க. எனக்கு வேண்டியது, மண்ணே தொடாத ஒரு பீட்ரூட்டை அம்மா கையில குடுக்கணும், அவ்வளவுதான்.

மார்ச் 1

மண் தொட்டில இலை கை அகலம். மணல் தொட்டில விரல் நீளம்தான், ஓரம் சிவந்து கிடக்கு. உரத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கேன்.

ஏப்ரல் 19

70 நாள் ஆச்சு. மண்ணுல போட்டது டென்னிஸ் பந்து அளவு. மணல்ல போட்டது எலுமிச்சம்பழத்தை விடக் கொஞ்சம் பெருசு, அடியில வால் மட்டும் நீளமா. இழுத்து எடுத்தா மணல் தானாவே உதிர்ந்துடுச்சு, கழுவக்கூட அவசியம் இல்ல, ஆனா கழுவினேன், அம்மா பக்கத்துல நின்னு பாக்கறப்பவே, மூணு தடவ.

கத்தியை வெச்சு தோலை ஒரு கோடு சீவினேன். எனக்கு நிக்கிற இடத்துலயே வந்துடுச்சு. ஒண்ணும் சொல்லாம அம்மாகிட்ட நீட்டினேன். வாங்கி மூக்குகிட்ட வெச்சாங்க, தொட்டியைப் பாத்தாங்க, மறுபடி மோந்தாங்க. மணலுக்குள்ள கையை விட்டு அடி வரைக்கும் கிளறி எடுத்து அதையும் மோந்தாங்க. அதுல ஒண்ணும் இல்ல.

"மண்ணே போடலன்னியேடா"ன்னாங்க.

"போடலம்மா."

ரொம்ப நேரம் அந்தத் தோலை விரல்ல உருட்டிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் அதை அப்பா மூக்குகிட்ட கொண்டு போனாங்க.